எட்டு மணிக்கே சொல்லியிருந்தாள்

நாத்தனார் கூப்பிட்டுப் பழக்கியதில் சலவைக்கூடம் முழுக்க அவளுக்கு அண்ணி என்றே பெயர். அந்த நாத்தனார்தான் இப்போது வலது கையில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தாள். விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளை அவள் கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. உருளைக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்கும் கம்பி ஆடுகிறது என்று அண்ணி அன்று காலை எட்டு மணிக்கே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். "மதியம் பார்க்கலாம், ஓட்டுங்க" என்றார் அவர். மனிதருக்கு வாய்க்குக் குறைச்சலில்லை, ஸ்பேனரைத் தொடத்தான் சோம்பல். பதினொரு மணிக்குக் கை வெந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விபத்து நடந்தால் பக்கத்தில் நின்றவர் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். ஆபீஸில் அதை டைப் அடித்துக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட வேண்டும். படிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் யாரும் படித்ததுமில்லை.

அண்ணி படித்தாள். கை வெந்தது, கம்பி ஆடுவதை அண்ணி தெரிவித்தாள் என்று இருந்தது. அவள் எழுதிக் கொடுத்தது 'ஹேட் இன்ஃபார்ம்ட்'. அதாவது, கை வேகும் முன்பே தெரிவித்திருந்தாள். அந்த 'ஹேட்' காணாமல் போயிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு இவள் சாவகாசமாக வந்து முறையிட்டது போல ஆகிவிட்டது. அவள் எழுதவே எழுதாத அடுத்த வரி, தொழிலாளியின் கவனக்குறைவு என்றது. அது அப்படியே இருந்தால் நாத்தனாரின் வேலை போய்விடும். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளை நீட்டிய சூப்பர்வைசரிடமே கேட்டாள்.

"சார், நான் எழுதினதுல ஒரு வார்த்தையக் காணோமே."

"சின்ன வார்த்தைம்மா. எடுத்தா இங்கிலீஷ் நல்லாருக்கும். சொன்னேன்னு இருக்குல்ல, அது போதாதா?"

"எப்ப சொன்னேன்னு இல்லையே. பின்னாடி வந்து சொன்ன மாதிரில்ல இருக்கு."

"அடேயப்பா, இதெல்லாம் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

"நீங்க குடுத்த மெமோவுலதான் சார். நான் லேட்டா வந்ததுக்கு நாலு மெமோ. 'முன்னாடியே எச்சரிச்சிருந்தோம்'னு நாலுலயும் அந்த 'ஹேட்' வார்த்தையப் போட்டிருக்கீங்க. தப்பு என்னோடதா இருந்தப்ப அது சின்ன வார்த்தையாத் தெரியலையே."

அவர் முகம் சுண்டிப்போனது. "கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

அவள் அவருடைய பேனாவையே எடுத்தாள். விடுபட்ட வார்த்தையை வரிக்கு மேலே எழுதினாள். கவனக்குறைவு வரியை அழுத்தி அடித்தாள். அடியில் காலை எட்டு மணி என்பதையும், 'மதியம் பார்க்கலாம், ஓட்டுங்க' என்று அவர் சொன்ன பதிலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பயமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு வருவேன் சார். கை ஆறினதும் அவளும் வருவா. கம்பிய இன்னைக்கே மாட்டி வைங்க."