சித்தப்பாவின் நீளமான தலைப்புகள்

சித்தப்பாவுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை. போனில் அவர் பதிவு செய்யும் சத்தங்களுக்கு வைக்கும் பெயரே ஒரு பத்திக்கு வரும்: 'மாடிக் குழாயைச் சரிசெய்துவிட்டேன் என்று பிளம்பர் அடித்துச் சொல்லிவிட்டுப் போன பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும் சத்தம், மூன்றாம் நாள்.'

"உங்க கம்பெனி பிளேயர்ல என் ஃபைலைத் திறந்தா, மூஞ்சியில அடிச்ச மாதிரி மூடிக்குதும்மா" என்று அவர் புலம்பியபோது, அந்தப் பிளேயரின் புரோகிராமர்களில் ஒருத்தியான அண்ணன் மகளுக்குச் சிரிப்புதான் வந்தது. இருந்தாலும் ஃபைலை அனுப்பச் சொன்னாள்.

மதியம் ஆபீசில் திறந்தாள். பிளேயர் பட்டென்று மூடிக்கொண்டது. ஒலியை வெட்டி எறிந்துவிட்டுத் தலைப்பை மட்டும் விட்டுவைத்தாள். அப்போதும் அதே கதை. ஆகா, சங்கதி பெயரில் அல்லவா இருக்கிறது! காபி ஆறியதைக்கூடக் கவனிக்காமல், கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்து அழித்துத் திறந்து பார்த்தாள். ஒரு கட்டத்தில் சமர்த்தாகத் திறந்தது. ஓர் எழுத்தைத் திரும்பச் சேர்த்தால் மறுபடி மூடிக்கொண்டது.

பிளேயரின் புரோகிராமைப் பிரித்துப் பார்த்தாள். தலைப்புக்கு இருநூற்று ஐம்பத்தாறு இடம் ஒதுக்கியிருந்தது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழ் எழுத்துக்கு மூன்று வேண்டும், சிலவற்றுக்கு ஆறு. எழுதிய ஆள் எழுத்தை எண்ணியிருக்கிறாரே தவிர இடத்தை அளக்கவில்லை. மிஞ்சியது பக்கத்தில் வழிந்து, வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பையே அழித்துவிடுகிறது. அழிக்க முடிந்தால், மாற்றி எழுதவும் முடியுமோ? அவளுக்குக் கை பரபரத்தது. தலைப்பின் வாலில் தன் கட்டளை ஒன்றை ஒட்டினாள். நான்காவது முயற்சியில், யாரும் தொடாமலே கால்குலேட்டர் திறந்தது.

கைதட்டத் தோன்றியது. அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. கால்குலேட்டரைத் திறக்க முடிந்தவனுக்குப் பாஸ்வேர்டைத் திருட எவ்வளவு நேரம் ஆகும்? இந்தப் பிளேயர் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. எழுதிய புண்ணியவான் யார் என்று தேடினாள். ஆறு வருடத்துக்கு முன்பு, அவளேதான்.

அடுத்த வாரம் அவளை டீம் லீடர் ஆக்கப்போகிறார்கள். அடுத்த அப்டேட்டின் குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் போட்டு, காதும் காதும் வைத்தாற்போல் இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் சிறு திருத்தத்தை யார் அவசரமாக அப்டேட் செய்வார்கள்? அவளே செய்யமாட்டாள். மேலாளருக்கு உண்மையை மெயிலாக எழுதிவிட்டு, அனுப்ப மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. சித்தப்பா.

"என்னாச்சும்மா? தப்பு என்னுதா? வேணும்னா எல்லாத்தையும் சின்னதா மாத்திடறேன்."

"நீங்க எதையும் மாத்த வேணாம் சித்தப்பா. நான் சொல்ற வரைக்கும் யார் பாட்டு அனுப்பினாலும் திறக்காதீங்க. பிளேயர்ல பெரிய ஓட்டை, அது வழியா யார் வேணும்னாலும் உள்ள வந்துடலாம்."

"அடப்பாவமே! எந்த மடையன் இப்படி எழுதி வச்சான்?"

அவள் மெயிலின் முதல் வரியைப் பார்த்தாள்.

"நான்தான் சித்தப்பா."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பயம் விட்டுப்போயிருந்தது. போனைக் காதில் வைத்தபடியே மெயிலின் தலைப்பில் 'அபாயம், உடனே' என்று சேர்த்தாள். 'இந்தப் புரோகிராமை எழுதியது நான்' என்ற முதல் வரியை அழிக்காமல் அனுப்பினாள்.