சேக்காடு எஸ்பெராண்டோ சங்கம்

1987இல் ஆவடி சேக்காட்டில் எஸ்பெராண்டோ சங்கத்துக்கு உறுப்பினர்கள் இருவர்: நானும் லேத் பட்டறை கிறிஸ்துதாஸும். உலகத்துக்கே பொதுவாக உருவாக்கப்பட்ட அந்த மொழியைத் தபாலில் கற்றோம். கூட்டத்தில் வேறு மொழி பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

சங்க அறை பொன்னியம்மாவுடையது. ஞாயிறுதோறும் வாசலில் நின்று கத்துவார்.

"இன்னாடா பாஷ இது? என்னிய திட்டிகினு கீறீங்களா? ரூம காலி பண்ணுங்க."

தமிழில் கெஞ்சியிருந்தால் இரங்கியிருப்பார். நாங்கள் எஸ்பெராண்டோவில் "முடியாது" என்போம்.

ஏழாவது மாதம் பூட்டோடு உள்ளே வந்தவர், "சோம்பேறிகளே, இன்றே வெளியேறுங்கள்" என்று பிழையில்லாத எஸ்பெராண்டோவில் சொன்னார். வாசலில் நின்றே கற்றுக்கொண்டாராம்.

கிறிஸ்துதாஸ் அசரவில்லை. பதிவேட்டைத் திறந்து அவரை மூன்றாவது உறுப்பினராக எழுதினான். அறையைக் காலி செய்வதா என்று உடனே வாக்கெடுப்பு நடத்தினோம். பொன்னியம்மா இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றார்.

பூட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கியவர், தமிழில் சொன்னார்:

"எம் மருமவளுங்க மூணு பேருக்கும் இத்த கத்துக்குடுத்து இட்டாறேன். அப்பால ஓட்டுப் போடுங்கடா, பாக்கலாம்."