கடைசி வரிசைக்கு வந்த அக்கா

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த போனை அக்காதான் எடுத்தாள். எதிர்முனையில் 'சார்' என்று கூப்பிட, "சார் இல்லைங்க, மேடம்," என்று திருத்தினாள். அன்றைக்கு அது மூன்றாவது தடவை. நான் ஒரு பிரேமுக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கியதில் திருகு கைநழுவி எங்கோ ஓடிவிட்டது.

"சிரிடா, நல்லா சிரி. வர்ற சனிக்கிழமை உன் வரிசைக்குத்தான் வரப்போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதம் பேச்சே இல்லை. பிறகு குரல் திரும்பியது, ஆண்குரலாய்த் தாழ்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல. பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவளைப் பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சேர்ந்திசைக் குழுவில் இருபத்தாறு வருடம் முதல் வரிசையில் நின்று உச்சக்குரலில் பாடியவளிடம், குழுவை நடத்தும் பூகோள டீச்சர் பக்குவமாக, "இனிமே நீங்க வருகைப் பதிவேட்டைப் பாத்துக்கங்களேன்," என்றபோதுதான் உடைந்துபோனாள். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாளிலிருந்து, கடைசி வரிசையில் கீழ்க்குரலில் பாடும் என் பாட்டுத்தாள்களைக் காணவில்லை.

குழுவுக்கு வயது அறுபத்தெட்டு. தபால் பிரிக்கிற ஒன்பது பேர் அலுப்புத் தெரியாமலிருக்கப் பாடப்போய் ஆரம்பித்தது. மூன்று கட்டிடம் மாறினோம், இரண்டு முறை பிளந்து ஒட்டினோம், யார் நடுவில் நிற்பது என்ற சண்டையில் எட்டு மாதம் வாராவாரம் கூடி ஒரு வரிகூடப் பாடாமல் கலைந்தோம். மாறாதது ஒரு விதிதான். எந்த வரிசைக்குப் புதிதாக வருகிறவரும் சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தனியாகப் பாட வேண்டும். அந்த வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் கிடையாது. கடைசி வரிசையில் நாங்கள் எட்டுப் பேர், எல்லாரும் ஆண்கள்.

என் பக்கத்தில் நிற்கும் லிப்ட் மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "உங்க அக்கா மேல மரியாதை உண்டு. ஆனா பரிதாபப்பட்டெல்லாம் நான் கை தூக்க மாட்டேன்."

அக்காவிடம் சொன்னேன். "அவர் சரியாத்தானே சொல்றாரு? நீயும் பாவம் பாத்துத் தூக்கினே, வீட்டுப் பக்கம் வந்துடாதே," என்றாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, நாங்கள் கூடும் டீச்சரின் வகுப்பறையில், கரும்பலகை முன் போய் நின்றாள். வரைபடம் அழித்த சாக்பீஸ் தூள் தரையெல்லாம் கிடந்தது. டீச்சர் சுருதி கொடுத்தார். பாடினாள். பழைய இனிமை துளியும் இல்லை. ஆனால் குரல் ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான்காவது வரியில் 'நீரோடையே' என்ற சொல்லைப் பன்னிரண்டு எண்ணிக்கை வரை இழுக்க வேண்டும். தனியாகப் பாடுகிற யாரும் அதற்கு முன்பே மூச்சை நிரப்பிக்கொள்வார்கள். அக்கா "நீரோ" வரை போய், சொல்லின் நடுவில் நிறுத்தி, சாவகாசமாக மூச்சு வாங்கினாள். குழுவில் அப்படித்தான் செய்வோம். பக்கத்திலிருப்பவர் பாடும்போது நாம் வாங்குவோம், அவர் வாங்கும்போது நாம் பாடுவோம். கேட்பவருக்கு அறுந்தது தெரியாது. அன்று அவள் பக்கத்தில் யாரும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் பாட்டு அறுபடவில்லை. அந்த இடைவெளியில் அதே சுருதியில் ஒரு "ஓ" தொடர்ந்தது. நான்தான் பாடிவிட்டேனோ என்று பதறினேன். என் வாய் மூடித்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். லிப்ட் மெக்கானிக் கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, அக்காவின் முதுகைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

அக்கா திரும்பவில்லை. மூச்சு வாங்கி முடித்து, அவர் குரலுக்குள் தன் குரலை வைத்தாள். அவள் வந்து சேர்ந்ததும் அவர் நிறுத்தி, கட்டிய கைகளைப் பிரிக்காமலே, தன் மூச்சை வாங்கினார்.