கைநனைத்த பிறகு கேளுங்கள்

எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைக் கொண்டுபோய் உடைப்பில் போட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

2001 ஆவணி. மலையில் விடுதி கட்டப்போகும் ஒரு கம்பெனி, அரியூர் நாடு என்கிற மலைப்பகுதியில் எங்கள் ஊர் வழியாக ரோடு போட நினைத்தது. அது சனங்களுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டு எழுத முபஷிரை அனுப்பியிருந்தது. அடிவாரத்துக்காரர், தங்கமான மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் மூன்று மணி பஸ். ரோடு போகிற வழியில்தான் எங்கள் பாறை இருந்தது. முப்பது வீட்டுச் சாமையும் அதில்தான் காய்கிறது, அதில்தான் அடிக்கிறோம். அது போனால் மண்ணில் அடித்து, கல்லும் சோறுமாகத் தின்ன வேண்டியதுதான்.

எங்கள் வாசலில் ஊர் கூடியது.

"பாறை மேல ரோடு வரலாமுங்களா?" என்று முபஷிர் கேட்டார்.

"ஆகட்டுங்க," என்றார் செங்கோடன்.

"கஷ்டம் ஏதாச்சும்?"

"இருந்தாப் பாத்துக்கலாமுங்க," என்றாள் பெருமாயி.

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டு "சரிங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர் கைநனைக்கும் வரை அவரிடம் 'மாட்டோம்', 'வேண்டாம்' என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். இந்த மனுஷனோ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாத் தாளிலும் சம்மதம் என்று எழுதி, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

பேனாவைப் பிடுங்கி என் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

"ஏனுங்க, முதல்ல சாப்புடுங்க."

"பஸ் போயிருமுங்க அக்கா."

"போனாப் போவுது. பஸ் நாளைக்கும் வரும். பாறை வருமா?"

சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும் போட்டேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும், "இப்பக் கேளுங்க," என்றேன்.

"பாறை மேல ரோடு..."

"ஆகவே ஆகாதுங்க!" என்று செங்கோடன் எழுந்தே விட்டார்.

"அப்புறம் சாமையை எங்க போயி அடிக்கறது சாமி?" என்றாள் பெருமாயி. என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் கோழி கூரையேறியது.

முபஷிருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பறம் ஏனுங்க அத்தனை பேரும் சரின்னீங்க?"

"அப்ப நீங்க சாப்புடலீங்களே," என்றார் என் வீட்டுக்காரர், இதுகூடவா தெரியாது என்பது போல.

முபஷிர் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தலையைத் தூக்கவில்லை.

தை மாதம் பாறையில் சாமை அடித்துக்கொண்டிருந்தோம். ரோடு ஓடைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது. முபஷிர் மறுபடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை ஓரமாக உட்கார்ந்தார். கையில் புதுத் தாள்கட்டு.

"ஓடைத் தண்ணியை விடுதிக்கு எடுக்கறதைப் பத்திக் கேக்கோணுமுங்க அக்கா," என்றார். "முதல்ல சோறு போடுங்க."