அரை ரவுண்டு

...பேசிக்கொண்டே ஓடுங்கள், பேச்சு தடுக்கினால் நடங்கள், அவ்வளவுதான் என்று டாக்டர் சட்டைக் கையை மடிக்கச் சொல்வது போலச் சொல்லிவிட்டார், யாரோடு பேசுவது என்று மட்டும் சொல்லவில்லை, காலை ஆறு மணிக்கு இந்த மைதானத்தில் அவளோடு பேச யார் இருக்கிறார்கள், ஆகவே அன்றைய வேலையைச் சொல்லிக்கொண்டே ஓடினாள், மேல் செட்டு ஒன்று, கீழ் செட்டு இரண்டு, முன்பல் மட்டும் நாலு, அதில் ஒன்று அந்த வக்கீலுடையது, அவள் வேலை பார்க்கிற பல் செட்டுப் பட்டறைக்கு வருகிறவற்றில் அவருடையதுதான் சீக்கிரம் தேய்ந்து திரும்பி வரும், பேசியே தேய்க்கிறார் மனுஷன்... ஆரம்பத்தில் எதிர்த் திசையில் நடக்கும் வெள்ளை ஷூ பெரியவர் நின்று, "போன்ல யாரும்மா?" என்று கேட்டார், "யாரும் இல்ல சார், டாக்டர் பேசச் சொன்னாரு" என்றாள், அன்றிலிருந்து அவர் இரண்டு முழம் தள்ளியே போகிறார். போகட்டும். இடது கைக்குள் இன்ஹேலர் இருந்தது, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே இழுத்தாயிற்று, பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கியாயிற்று, இனி அதற்கு வேலை இல்லை, இருந்தாலும் கையில் அது இல்லாவிட்டால் கால் நகராது.

ஒழுகும் குழாயைத் தாண்டினால் முதல் ரவுண்டு முடிந்தது, நாலு மாதத்துக்கு முன்னால் இந்தக் குழாய் வரை வருவதற்குள் நாலு தடவை நின்றவள், இப்போது அதைப் பார்க்காமலே போகிறாள், பெருமைதான், ஆனால் யாரிடம் சொல்வது, சொன்னால் மாட்டிக்கொள்வாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. மகளுக்கும் இதே நெஞ்சு, இதே இழுப்பு, ஏழாவது படிக்கிறாள், பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடியே தீருவேன் என்று நின்றபோது, முதலில் நான் ஒரு ரவுண்டு நிற்காமல் ஓடிக் காட்டுகிறேன், அப்புறம் நீ ஓடு என்று இவள்தான் வாயைக் கொடுத்தாள், எங்கே ஓடப்போகிறோம் என்ற தைரியம். இப்போது நாலு ரவுண்டு ஓடுகிறாள், இரண்டு வாரமாக. வீட்டில் தினமும் கேட்கிறாள் மகள், "எத்தன ரவுண்டும்மா?", இவளும் தினமும் சொல்கிறாள், "அரை ரவுண்டு." பட்டறையில் ஒரு நூல் அளவு பிசகினால் மெழுகை உருக்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறவள், வீட்டில் மூன்றரை ரவுண்டைக் கூசாமல் விழுங்குகிறாள்.

பந்தயத்துக்கான சம்மதப் படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது, இன்று பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். கணவர் நைசாகக் கழன்றுகொண்டார், "இழுக்கிற நெஞ்சு உங்க ரெண்டு பேருக்கும்தான், நீங்களே பேசிக்குங்க." மகள் அதற்கும் மேலே, "வேணாம்னா வேணாம்னு நீயே எழுதிக் குடு, மிஸ்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்." எழுதிக் கொடுப்பது என்ன பெரிய காரியம், அந்தக் கடிதம் இவளுக்கு மனப்பாடம், வருஷா வருஷம் பள்ளி திறந்ததும் அப்பா இவளைத் திரும்பி உட்காரச் சொல்லி முதுகில் காதை வைத்துக் கேட்பார், உம் என்பார், போய் எழுதுவார், என் மகளுக்கு மூச்சுத் திணறல் இருப்பதால் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்... வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் ஓடுகிறோம் என்பது இரண்டாம் முறை சொல்லும்போதுதான் உறைத்தது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. என் மகளுக்கு, வலது கால், மூச்சுத் திணறல், இடது கால், காலுக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம், ஓட முடியாது என்ற கடிதத்தைச் சொல்லியே ஒரு முழு ரவுண்டு ஓடிவிட்டாள், சிரிப்பு வந்தது, சிரித்தும் மூச்சு முட்டவில்லை.

சரி, இன்னொன்றையும் சொல்லிப் பார்ப்போமே, படிவத்தில் இருப்பதை. என் மகள் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ள... கலந்துகொள்ள... நின்றுவிட்டாள். போன மாசிப் பனியில், பிற்பகல் முழுக்க மூக்கில் மாஸ்க்கோடு மகள் கிடந்தாளே, உதடு வெளுத்து, பேச முடியாமல் விரலால் தண்ணீர் கேட்டாளே, அதற்கா சம்மதிப்பது? ஆனால் அதே டாக்டர்தான் சொல்கிறார், ஓடறது கெடுதல் இல்லம்மா, பயந்து உக்காந்துட்டா அதுதான் கெடுதல், மருந்தை ஒழுங்கா எடுத்துக்கிட்டு ஓடட்டும் என்று. இன்ஹேலரை வாயருகே கொண்டுபோனாள். நெஞ்சைக் கவனித்தாள். இறுக்கம் இல்லை, விசில் இல்லை, முப்பத்தைந்து வருஷமாகக் கூடக் குடித்தனம் நடத்துகிற வியாதி, அது வந்தால் இவளுக்குத் தெரியாதா, இது அது இல்லை. எதிரே வந்த பெரியவர் நின்றார், இன்றைக்குக் கிட்டவே வந்தார், "முடியலன்னா உக்காரும்மா." "முடியுது சார்" என்றாள். முடிந்தது, நாலாவது ரவுண்டையும் முடித்தாள், வாயை மூடிக்கொண்டு.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு தலை பின்னிக்கொண்டிருந்தாள், படிவத்தின் மேல் பேனாவைத் திறந்தே வைத்திருந்தாள், எமகாதகி. ரிப்பனை எடுத்துவிட்டுக் கேட்டாள், "எத்தன ரவுண்டும்மா?" அரை என்று நாக்கு நுனி வரை வந்தது, நாலு என்றும் வந்தது, இரண்டும் வெளியே வரவில்லை, "இரு, மூச்சு வாங்குது" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் பின்னால் வந்து குனிந்து, ஈரச் சட்டையின் மேல் காதை வைத்தாள், நடுக்கூடத்தில் அப்படியே, பாதி பின்னிய தலையோடு. இது யார் கற்றுக்கொடுத்தது, இவள்தான், தினமும் இவள் மகளுக்குச் செய்வது, அப்பா இவளுக்குச் செய்தது. "ஒண்ணும் கேக்கலையேம்மா." ஆமாம், கேட்காது. எத்தனை ஜூன் மாதம் அப்பாவுக்கும் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கும், கேட்காமலேதான் உம் என்றாரோ, எழுந்து போய் எழுதினாரோ... மகள் காதை எடுக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள்.