உத்தரத்துப் பந்தும் இரண்டு வாளித் தண்ணீரும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. 1988 ஐப்பசியில், ராஜபாளையத்தில் கிரிக்கெட் கிளப் நடத்தும் என் தம்பி மாரிசாமிக்குத் துணையாக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஒரு பழைய பந்தைக் கேட்கப் போனோம். பாஷ்யத்தின் பந்து. எங்கள் பக்கத்தில் மட்டை பிடித்த முதல் ஆட்களில் ஒருவர் அவர். யுத்தத்தின்போது ராணுவத்தில் எழுத்தராகச் சேர்ந்து பர்மா போனார். 1942இல் தந்திதான் வந்தது.

"கண்ணாடிப் பெட்டியில வச்சு, அவிய பேர்ல ஒரு கப்பும் கொடுக்கப் போறோம்மா" என்றான் மாரிசாமி, பாஷ்யத்தின் மனைவியிடம்.

அம்புஜவல்லி மாமிக்கு அறுபத்தைந்து வயது. என் குடும்ப நாவல்களை லைப்ரரியில் எடுத்துப் படிப்பவர்.

"நீ கதை எழுதறவளாச்சே" என்றார் என்னிடம். "எழுதிண்டு வா. கொடுக்கலாமா வேண்டாமான்னு அதுல தெரியறதா பார்ப்போம்."

2

முதல் தொடக்கம்: அந்தப் பந்தை அவள் நாற்பத்தாறு ஆண்டுகளாகப் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பொத்தி வைத்திருந்

(இங்கே நிறுத்திவிட்டேன். படித்துவிட்டு மாமி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது.)

"மடிப் புடவையோட தோல் பந்தா? எங்க மாமியார் எழுந்து வந்துடுவா."

பந்து மாட்டுக்கொட்டகை உத்தரத்தில், ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் இருந்தது. தோலைத் தொட்டவர் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது. ஆடிவிட்டு வரும் பாஷ்யம் கொல்லைப்புறமாக வந்து கிணற்றடியில் நிற்பார். இறைத்துக் கொடுப்பது புது மருமகளின் வேலை.

"பதினாலு பேர் இருந்த ஆத்துல, அவரோட நான் பேசினதெல்லாம் அந்த ரெண்டு வாளி ஜலத்துக்குள்ளதான்."*

* மழையில் ஆட்டம் இல்லாத நாளிலும் கொட்டகைக்குப் போய்ப் பந்தைத் தொட்டுவிட்டு வந்து நிற்பாராம். "இன்னிக்குமாடா?" என்று அம்மா கேட்டால், "கை பட்டுடுத்தும்மா" என்பாராம்.

3

பாஷ்யம் சேத்தூர்க்காரர்களுக்கு எதிராகச் சதம் அடித்த அன்று (இல்லை, அது என் ஆசை. ஸ்கோர் நோட்டு எதுவும் மிஞ்சவில்லை.)

என் நாவல்களில் எந்தக் கதாநாயகனையும் நான் சாகவிட்டதில்லை. இவரையும் பர்மாவிலிருந்து நடத்திக் கூட்டிவந்து ஒரு பக்கம் எழுதினேன். மாமி அந்தத் தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம்டி. அதெல்லாம் மனசுக்குள்ள நானே எழுதிப் பார்த்தாச்சு."

"அந்தப் பந்தை நீங்க தொட்டிருக்கீங்களா மாமி?"

"ஒரு தடவைகூட இல்லை. 'நீ தொடாதே, அப்புறம் உனக்கு யார் ஜலம் இறைப்பா?'ன்னு கேலி பண்ணுவார்."

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் மாமி பந்தைக் கொடுக்கிறார், மைதானமே கைதட்டுகிறது. மற்றதில் மறுக்கிறார், சிரட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

இப்போது மார்கழிக் காலை. மாரிசாமி வாசலில் மோட்டார் பைக்கோடு நிற்கிறான். "செத்த நேரம் இருலே" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு வந்திருக்கிறேன். மாமி கொட்டகையில் முக்காலிமேல் ஏறி நிற்கிறார். சிரட்டையோடு இறக்கினால் பந்து விரலில் படாது. அது அவருக்கும் தெரியும்.

"ஏண்டி" என்கிறார், திரும்பாமல். "ரெண்டு வாளி இறைச்சு வைக்கறியா?"

இறைத்து வைத்திருக்கிறேன். பந்து கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்றா, உத்தரத்துக்கே திரும்பிற்றா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். செத்த நேரம் கழித்து எழுதுங்கள். கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. மாமி கிணற்றடியில் வந்து நின்று ஏதோ பேச ஆரம்பித்திருக்கிறார், என்னிடம் அல்ல.