உப்புப் போடாத சோறு

மூன்றாண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்துக் கிணறுகள் யாவும் வறண்டபின், ஊரார் ஒன்றுகூடி ஆழ்துளைக் கிணறு ஒன்றை இறக்கினர். அதன் மோட்டாரை இயக்கும் பொறுப்பும், தெருக் குழாயடிக்குத் தண்ணீர் திறக்கும் வால்வுச் சாவியும் அவனிடம் வந்தன. தெருப்பிள்ளைகள் அவனைத் ‘தண்ணிமாமா’ என்றனர். அப்பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அன்று காலை மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு வந்தவனுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவியின் கால்கள் மேலும் வீங்கியிருந்தன. செருப்பு நுழையவில்லை. விரலால் அழுத்திய இடத்தில் விழுந்த குழி, மேலெழ மறுத்து அப்படியே நின்றது.

பிரசவத்திற்குத் துணையாக வந்திருந்த அவன் அக்காள் அடுப்படியில் விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

“உண்மையைச் சொல்லு. யாருக்கும் தெரியாம ஊறுகாய் ஜாடில கைய விட்டியா?”

“இல்ல அண்ணி. வேணும்னா கைய மோந்து பாருங்க.”

“நர்ஸம்மா சொன்னதுலேர்ந்து உப்பு டப்பாவையே பரண்மேல ஏத்திட்டேன். அப்புறம் ரத்தக்கொதிப்பு எங்கேர்ந்து ஏறுது, காத்துலேர்ந்தா? உப்பே போடாம ஆக்கியும் உன் புருஷன் ரெண்டாம் தடவை சோறு கேக்குறான். என் கைப்பக்குவம் அப்படி!”

“தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது அண்ணி. கொஞ்சம் சும்மா இருங்களேன்.”

அவனும் ஒரு நாள் அந்த ஜாடியைத் திறந்து, ஊறுகாய் குறைந்திருக்கிறதா என்று பார்த்தவன்தான்.

சற்றுநேரத்தில் செவிலி வந்தாள். கைப்பட்டையைச் சுற்றி ரத்தக்கொதிப்பை அளந்தாள். நம்பாதவள்போல் மறுபடியும் அளந்தாள்.

“கண்ணு மங்கலா இருக்கா?”

“காலைலேர்ந்து பூச்சி பறக்குற மாதிரி இருக்கு.”

செவிலி எழுந்து வாசலுக்குச் சென்று தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசினாள். ‘வண்டி’, ‘உடனே’ என்னும் இரு சொற்கள் மட்டும் அவன் காதில் விழுந்தன. திரும்பியவளுக்கு நா வறண்டிருந்தது. எங்குச் சென்றாலும் தன் தண்ணீர்ப் புட்டியைச் சுமந்து செல்பவள், அன்று அதை மறந்துவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க.”

ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். விரைந்து வெளியே சென்று துப்பினாள்.

“என்னக்கா இது, உப்பைக் கரைச்சுக் குடுத்துட்டீங்க?”

“ஐயோ, குடிக்கிற பானைத் தண்ணிதாம்மா அது!”

அவன் அச்செம்பை வாங்கிக் குடித்துப் பார்த்தான். எந்த வேறுபாடும் தெரியவில்லை. கிணறு இறக்கிய புதிதில் எல்லாரும் முகம் சுளித்தது நினைவுக்கு வந்தது. தண்ணீர் கிடைத்ததே பெரிது என்று குடித்துக் குடித்து நாக்கு மரத்துப் போயிருந்தது.

“இதை எவ்வளவும்மா குடிக்கிற?” என்றாள் செவிலி.

“நீங்கதானே நெறைய தண்ணி குடிக்கச் சொன்னீங்க? செம்பு செம்பா குடிக்கிறேன்.”

செவிலி பெட்டியை மூடினாள். பிறகு, “இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். தண்ணிய சோதிக்கக் குடுக்கணும். மொதல்ல ஆஸ்பத்திரி” என்றாள்.

வண்டி வந்தது. அக்காளும் செவிலியும் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினர்.

“புள்ள அசையுது, பயப்படாதீங்க” என்றாள் மனைவி. அவள் கை சில்லிட்டிருந்தது.

அவன் ஏறக் காலெடுத்து வைத்தபோது குழாயடியிலிருந்து குரல்கள் எழுந்தன.

“தண்ணிமாமா! வால்வைத் திறந்துட்டுப் போங்க!”

“சாவியோட ஓடிட்டா நாங்க எங்க போறது?”

“ஒரு நிமிஷம்” என்று ஓட்டுநரிடம் கெஞ்சிவிட்டு ஓடினான். சாவியை வால்வில் பொருத்தியபின் கை திருப்ப மறுத்தது. திறக்காவிட்டால் ஊருக்கு வேறு தண்ணீர் இல்லை. திறந்தான்.

“துவைக்க, கழுவ மட்டும் பிடிங்க. குடிக்காதீங்க.”

“ஏன் மாமா, நேத்து வரைக்கும் தேனா இருந்துச்சா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தனர்.

வரிசையின் முன்னால் நின்ற தையற்காரன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் மாதம் ஏறியிருந்தது.

“அப்ப எதைக் குடிக்கிறது மாமா?”

வண்டி ஒலியெழுப்பியது. தலையைக் கவிழ்த்தவன் கண்ணில் அவளுடைய வீங்கிய வெறுங்கால்கள் பட்டன. செருப்புகளை அவள் கையில் பிடித்திருந்தாள்.

“நீயும் வண்டில ஏறும்மா” என்றான்.